நியூயார்க்கில் ஜாஸும் லத்தீன் இசையும் நேரில் கேட்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க் போகும் நம்மவர்களிடம் ஜாஸ் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே திட்டம்தான் இருக்கும். பேர் பெற்ற கிளப் ஒன்றில் ஒரு டிக்கெட், வாசலில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். அது தப்பில்லை. ஆனால் அந்த ஊர் இசையில் பாதியைத்தான் அதில் பார்க்க முடியும். அங்கே உட்கார்ந்து கேட்கும் ஜாஸ் ஒன்று, எழுந்து ஆடும் லத்தீன் இசை, அதாவது கியூபா, போர்ட்டோ ரிக்கோ வழி வந்த இசை ஒன்று. இரண்டும் ஒரே தெருக்களில், பல சமயம் ஒரே ஆட்களின் கையில் வளர்ந்தவை. அதனால் எத்தனை நாள் தங்கினாலும் உட்கார ஒரு இரவு, ஆட ஒரு இரவு என்று ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் கொஞ்சம் பின்னணி

1930களில் ஜாஸ் ஆட்ட இசை. ஹார்லெமின் சவாய் பால்ரூம் போன்ற பெரிய கூடங்களில் ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். அது நாற்காலிக்கு மாறியதற்கு இசைக் காரணங்களோடு பணக் காரணமும் உண்டு. 1944இல் அமெரிக்க அரசு, ஆட்டமோ பாட்டோ நடக்கும் இரவு விடுதிகள் மீது 30 சதவீதப் போர்க்கால வரி போட்டது. சீக்கிரமே 20 சதவீதமாகக் குறைத்தார்கள் என்றாலும் அடி விழுந்தாகிவிட்டது. பாடகர் இல்லாமல், ஆட்டம் இல்லாமல், வெறும் வாத்தியம் மட்டும் நடந்தால் அந்த வரி இல்லை. நாலைந்து பேர் வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் சின்ன அறைகள் பெருகியதில் இதற்கும் பங்கு உண்டு. அதே காலத்தில்தான் பீபாப் என்ற வேகமான, சிக்கலான ஜாஸ் உருவானது.

நகரத்துக்குத் தனியாக ஒரு கேபரே சட்டமும் இருந்தது. 1926இல் வந்தது. உரிமம் இல்லாத இடத்தில் ஆடினால் கடைக்காரருக்கு அபராதம். இசைக்கலைஞர்களே போலீஸிடம் அட்டை வாங்கினால்தான் வாசிக்கலாம் என்ற நிலையும் பல வருடம் நீடித்தது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் அந்த அட்டையை இழந்து, 1957 வரை நகரத்தின் கிளப்களில் வாசிக்க முடியாமல் இருந்தார். சட்டத்தை முழுதாக நீக்கியது 2017இல்தான்.

லத்தீன் பக்கம் ஆட்டம் நிற்கவே இல்லை. கியூபாவிலிருந்து வந்த டிரம்பெட் கலைஞர் மாரியோ பௌஸா, தன் மைத்துனர் மச்சிட்டோவோடு சேர்ந்து 1940இல் ஒரு பெரிய இசைக்குழு தொடங்கினார். டிரம்பெட், சாக்ஸ்போன் போன்ற ஜாஸ் குழல்களின் இசையும் கியூபத் தாளமும் அதில் ஒன்று சேர்ந்தன. இதே பௌஸாதான் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பிக்கு, காங்கா என்ற உயரமான கை முரசு வாசிக்கும் சானோ போஸோவை அறிமுகப்படுத்தியவர். 1947இல் கில்லெஸ்பியும் போஸோவும் கார்னகி ஹாலில் ஒன்றாக மேடை ஏறினார்கள். 1950களில் பிராட்வேயில் 53ஆம் தெருவில் பலேடியம் பால்ரூம்: டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகஸ், மச்சிட்டோ மூவரின் குழுக்களும் மாறிமாறி வாசிக்க, ஊரே மாம்போ என்ற கியூப ஆட்டம் ஆடியது. ஒரு தெரு தள்ளி 52இல் பேர்ட்லேண்ட். சாக்ஸ்போன் கலைஞர் சார்லி பார்க்கரின் ‘பேர்ட்’ என்ற செல்லப் பெயரை வைத்து 1949இல் திறந்த ஜாஸ் கிளப். அப்போது பேர்ட்லேண்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நடந்து போய் பலேடியத்தில் ஆடலாம். இந்த வழிகாட்டியும் உங்களை அதைத்தான் செய்யச் சொல்கிறது. இப்போது நடை கொஞ்சம் தூரம், அவ்வளவே.

படி 1: நாளைப் பாருங்கள்

பெரிய ஜாஸ் கிளப்களில் ஒரே குழு பல நாள் தொடர்ந்து வாசிக்கும். வில்லேஜ் வான்கார்டில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரு குழு, தினமும் இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இரண்டு அமர்வு. ஒரு அமர்வை செட் என்பார்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போகும். செவ்வாயன்று குழு இன்னும் சூடு பிடித்திருக்காது. ஞாயிறு வருவதற்குள் அதே பாட்டுகளை வாசித்து வாசித்துக் கை இளகி, துணிந்து விளையாடுவார்கள். என்னைக் கேட்டால் வியாழன் அல்லது ஞாயிறு, அதிலும் இரண்டாவது செட். முதல் செட்டில் சாப்பிடப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள் நிறைய. இரண்டாவதில் இருப்பவர்கள் கேட்கவே வந்தவர்கள்.

திங்கட்கிழமை தனிக் கதை. வான்கார்டில் 1966 பிப்ரவரி முதல் திங்கள் இரவென்றால் பதினாறு பேர் கொண்ட பெரிய குழுதான். தேட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் தொடங்கியது. இப்போது வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்று பெயர். அவ்வளவு சின்ன அறையில் அத்தனை குழல்கள் சேர்ந்து ஒலிப்பதை வேறெங்கும் கேட்க முடியாது. திங்களில் வந்து இறங்கினால் தூக்கக் கலக்கத்தைப் பொருட்படுத்தாமல் போங்கள்.

பருவமும் முக்கியம். ஜனவரியில் வின்டர் ஜாஸ்ஃபெஸ்ட் நடக்கும், ஒரே இரவில் பல அரங்குகளுக்கு நடந்து நடந்து கேட்கலாம், குளிர் தாங்க வேண்டும். கோடை என்றால் இலவசம் கொட்டிக் கிடக்கும். லிங்கன் சென்டர் வெளி முற்றத்தில் ஆட்டத் தளம் போடுவார்கள், சல்சா இரவுகளும் உண்டு. 1964இல் தொடங்கிய ஜாஸ்மொபைல் அமைப்பு பூங்காக்களில் கச்சேரி வைக்கும். ஆகஸ்ட் கடைசியில் சார்லி பார்க்கர் விழா, ஹார்லெமின் மார்கஸ் கார்வி பூங்காவிலும் அவர் குடியிருந்த அவென்யூ பி வீட்டுக்கு எதிரிலேயே உள்ள டாம்ப்கின்ஸ் ஸ்குவேர் பூங்காவிலும் நடக்கும். ஜூன் இரண்டாம் ஞாயிறு போர்ட்டோ ரிக்கோ ஊர்வலம். அதற்கு முந்தின நாள் கிழக்கு ஹார்லெமில் 116ஆம் தெருவே விழாக்கோலமாக இருக்கும். ஒரே தடவைதான் போக முடியும் என்றால் ஜூன் அல்லது ஆகஸ்ட் கடைசி.

படி 2: கிளப்பைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள்

சுற்றுலாக்காரர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். கிளப்பின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குவார்கள், யார் வாசிக்கிறார் என்று பார்க்க மாட்டார்கள். டிசம்பர் சீசனில் சபாவின் பெயரைப் பார்த்தா போகிறோம்? யார் பாடுகிறார், மிருதங்கம் யார் என்று பார்த்துத்தானே.

நிகழ்ச்சி நிரலில் தலைவர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் டிரம்ஸ், பேஸ் (ஆழ்ந்த குரலுள்ள பெரிய தந்தி வாத்தியம்), பியானோ வாசிப்பவர்களின் பெயர் இருக்கும். அதைப் படியுங்கள். தெரியாத பெயர்களை யூடியூபில் தேடிப் பத்து நிமிடம் கேளுங்கள். டிரம்ஸ்காரர் உங்களுக்குப் பிடித்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் வாங்கலாம். தலைவர் சுமாராக இருந்தாலும் நல்ல டிரம்ஸ்காரர் அந்த இரவைக் காப்பாற்றிவிடுவார், டிரம்ஸ்காரர் சுமார் என்றால் நல்ல தலைவரால் அப்படிக் காப்பாற்ற முடிவதில்லை.

பட்டியலில் விஜய் ஐயர் பெயர் இருந்தால் விடாதீர்கள். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பியானோ கலைஞர். 2013இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றவர், ஹார்வர்டில் பேராசிரியர். நம் ஆள் என்பதற்காகச் சொல்லவில்லை. இடது கையும் வலது கையும் வேறு வேறு கணக்கில் நடந்துபோய் ஓரிடத்தில் சந்திப்பதைக் கேட்டால், கொன்னக்கோல் பழகிய காதுக்கு உடனே பொறி தட்டும்.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே வீட்டில் காதைப் பழக்கிக்கொள்ளலாம். முக்கியமாக ஜாஸ் போடும் டபிள்யூபிஜிஓ வானொலி இணையத்தில் கிடைக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூகேசிஆர் வானொலி, பெரிய கலைஞர்களின் பிறந்தநாளன்று நாள் முழுக்க அவர்களையே ஒலிபரப்பும். ஸ்மால்ஸ் கிளப் தன் மேடையை இணையத்தில் நேரலையாகவும் காட்டுகிறது. அதில் சில இரவுகள் பார்த்தாலே யாரைத் தேடிப் போவது என்று ஒரு பிடி கிடைக்கும்.

படி 3: ஜாஸ் அறையைத் தேர்ந்தெடுப்பது

பழைய வழிகாட்டிகளை நம்பி அலையாதீர்கள். கார்னிலியா ஸ்ட்ரீட் கஃபே, ஜாஸ் ஸ்டாண்டர்ட், 55 பார் எல்லாம் இன்னும் பட்டியல்களில் வந்துகொண்டிருக்கும், மூன்றுமே மூடியாகிவிட்டது. முதலாவது 2019இன் தொடக்கத்திலும், அடுத்தது 2020இலும், கடைசியது 2022இலும் போனது. எந்த இடமானாலும் அந்த வாரத்து நிரலை அவர்கள் தளத்திலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வில்லேஜ் வான்கார்ட்: மேக்ஸ் கார்டன் நடத்தியது. 1935 முதல் ஏழாம் அவென்யூ தெற்கில் 178ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. செங்குத்தான படி இறங்கினால் முக்கோண வடிவ அறை, குறுகிய முனையில் மேடை, நூற்றுச் சொச்சம் இருக்கை. சாப்பாடு கிடையாது, சமையலறையே கலைஞர்களின் ஓய்வறை. 1957இல் சானி ராலின்ஸ், 1961இல் பில் எவன்ஸும் ஜான் கோல்ட்ரேனும் இங்கே செய்த நேரடிப் பதிவுகளை இன்றும் மாணவர்கள் ஸ்வரம் ஸ்வரமாகப் படிக்கிறார்கள். ஒலி நேர்த்திக்கு இந்த அறைக்கு ஈடு கிடையாது. ஒரே ஒரு ஜாஸ் இரவுதான் உங்களுக்கு என்றால் இதுதான்.

அங்கிருந்து சில நிமிட நடையில், மேற்கு 10ஆம் தெருவில் ஸ்மால்ஸ். 1990களில் தொடங்கிய அடித்தளக் கிளப். பேர் பெற்றவர்களும் நேற்றுக் கல்லூரி முடித்தவர்களும் ஒரே வாரத்தில் வாசிப்பார்கள். நள்ளிரவுக்கு மேல் ஜாம் செஷன், அதாவது வந்த கலைஞர்கள் மாறிமாறி மேடையேறி, ஒத்திகையில்லாமல் சேர்ந்து வாசிப்பது. அதே தெருவில் மெஸ்ரோ, பியானோவுக்கென்றே உள்ள அறை. பியானோவும் பேஸும் மட்டும் என்றால் அங்கே போங்கள், பக்கத்து மேசையில் கோப்பை வைக்கும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கும்.

புளூ நோட், மேற்கு 3ஆம் தெரு, 1981 முதல். நட்சத்திரங்கள் வருவார்கள், விலையும் அப்படியே. மேசைகள் நெருக்கியடித்து இருக்கும், பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாதவரின் முழங்கை உங்கள் தட்டில் இருக்கும். பார் பக்கத்து இருக்கை குறைந்த விலை. வருபவர் உங்களுக்கு மிகப் பிடித்தவர் என்றால் மட்டும் போகலாம் என்பது என் கருத்து.

இப்போதைய பேர்ட்லேண்ட் மேற்கு 44ஆம் தெருவில், நாடக அரங்குகள் நடுவே இருக்கிறது. பியானோ கலைஞர் ஆர்ட்டுரோ ஓ'ஃபாரில் தன் ஆஃப்ரோ லத்தீன் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவோடு பல ஆண்டுகள் ஞாயிறு இரவுகளில் இங்கே வாசித்தார். கொலம்பஸ் சர்க்கிளில் டிஸ்ஸீஸ் கிளப், 2004இல் திறந்தது. விண்ட்டன் மார்சாலிஸின் ஜாஸ் அட் லிங்கன் சென்டர் நடத்துவது. மேடைக்குப் பின்னால் பெரிய கண்ணாடி, அதற்கப்பால் சென்ட்ரல் பார்க். வீட்டுப் பெரியவர்களை, ஜாஸ் கேட்டே இராதவர்களை அழைத்துப் போக இதுவே வசதி. லிஃப்ட் உண்டு, இருக்கை தாராளம், சாப்பாடும் கிடைக்கும்.

புதிய, கொஞ்சம் முரட்டு இசை பிடிக்கும் என்றால் பிராட்வேயில் 27ஆம் தெருப் பக்கம் உள்ள ஜாஸ் கேலரி. லாப நோக்கில்லாத அரங்கு, சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தமே இல்லை. கிழக்கே சில தெருக்கள் நடந்தால் லெக்ஸிங்டன் அவென்யூவில் தென்னிந்திய உணவகங்கள். தோசை சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போய் உட்காரலாம்.

படி 4: பணக் கணக்கு

சுவரொட்டியில் இருக்கும் விலை முழு விலை அல்ல. நுழைவுக்கு வாங்குவது கவர் சார்ஜ். அதன் மேல் மினிமம், அதாவது ஒரு செட்டுக்குக் குறைந்தது ஒரு பானம், அல்லது இத்தனை டாலருக்குச் சாப்பாடு என்று ஒரு கட்டாயம். பில்லில் 8.875 சதவீத விற்பனை வரி. அதன் மேல் டிப்ஸ். பரிமாறினால் 20 சதவீதம் வழக்கம். பாரில் வாங்கினால் ஒரு பானத்துக்கு ஒன்றிரண்டு டாலர். வான்கார்டில் டிக்கெட் சுமார் 40 டாலர் என்றால், வெளியே வரும்போது ஒருவருக்கு 60 டாலரை ஒட்டிப் போயிருக்கும். புளூ நோட்டில் பெரிய பெயர் என்றால் டிக்கெட்டே இதைவிட அதிகம்.

குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டாம். ஜிஞ்சர் ஏல், கோலா, ஆரஞ்சு ஜூஸ் எதுவாக இருந்தாலும் மினிமம் கணக்கில் சேரும், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். மது பரிமாறும் இடங்களில் 21 வயதுக்கு அத்தாட்சி கேட்பார்கள், நரைத்த தலையிடமும் கேட்பார்கள். பிள்ளைகளை அழைத்துப் போவதானால் ஒவ்வொரு கிளப்புக்கும் வயது விதி வேறு, முன்கூட்டியே கேளுங்கள்.

சின்ன இடங்களில் வாளியோ தொப்பியோ சுற்றி வரும். அதில் விழுவது நேராகக் கலைஞர்களுக்குப் போகிறது. பத்து, இருபது டாலர் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

படி 5: உள்ளே போனதும்

பல கிளப்களில் இருக்கை எண் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலிடம். கதவு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வரிசையில் நில்லுங்கள். மேடைக்கு ஒட்டின மேசை கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் டிரம்ஸுக்கு நேர் எதிரில் மாட்டினால் பியானோ காதில் விழாது. நாலைந்து வரிசை பின்னால், பியானோ விசைகள் தெரியும் இடது பக்கம், நல்ல இடம்.

போனை அணைத்துவிடுங்கள். வான்கார்டில் வாசிக்கும்போது படம் எடுக்கவே விட மாட்டார்கள், மற்ற இடங்களில் விட்டாலும் திரை வெளிச்சம் பின்னால் இருப்பவரை எரிச்சலூட்டும். பேச வேண்டியதைப் பாட்டுகளுக்கு நடுவே பேசுங்கள். பேஸ் தனியாக வாசிக்கும்போது கிசுகிசுப்பதுதான் பெரிய குற்றம். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வந்தால் எழுந்து காபிக்குப் போகும் வழக்கம் நமக்கு உண்டே, அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

படி 6: ஜாஸைக் கேட்பது

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. குழு முதலில் பாட்டின் மெட்டை ஒருமுறை வாசிக்கும். ஹெட் என்பார்கள். பெரும்பாலான பழைய பாட்டுகள் 32 பார் நீளம். பார் என்பது நாலு அடி. அந்த 32 பாருக்கும் ஒரு கார்டு வரிசை உண்டு, கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் அடுக்கு. மெட்டு முடிந்ததும் அந்த வரிசை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றி வர, அதன் மேல் ஒவ்வொருவராகக் கற்பனை செய்வார்கள். சாஹித்ய வரி மாறாமல் இருக்க நிரவல் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வாசித்து முடித்ததும் மறுபடி மெட்டு, முடிவு.

சுற்று எங்கே தொடங்குகிறது என்று தொலைந்துவிட்டால் மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே இருங்கள். சோலோ, அதாவது ஒருவரின் தனி வாசிப்பு, எங்கே போனாலும் நீங்கள் பாடும் மெட்டும் அவர்களும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கவனிப்பது பெரிய சுகம்.

கடைசிப் பக்கம் ஒரு விளையாட்டு நடக்கும். சாக்ஸ்போன் நாலு பார், டிரம்ஸ் நாலு பார், மறுபடி சாக்ஸ்போன் நாலு. இதற்கு டிரேடிங் ஃபோர்ஸ் என்று பெயர். மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிக்கும் அதே குதூகலம். ஒரே வித்தியாசம், இங்கே அளவு குறைந்துகொண்டே போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒவ்வொரு சோலோ முடிந்ததும் கைதட்டுவது மரியாதை. தாளத்துக்குக் கைதட்டுவது வேறு விஷயம். ஜாஸில் அழுத்தம் 2, 4ஆம் அடியில். டிரம்ஸ்காரரின் இடது கால் மிதிக்கும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகள் சட்டென்று மூடுவது அங்கேதான். நாம் சமத்தில் தட்டிப் பழகியவர்கள், கை தானாக 1, 3இல் விழும். பக்கத்தில் இருப்பவர் புன்னகைப்பார். விரலை 2, 4இல் சொடுக்கிப் பாருங்கள், அந்த ஆட்டம் உடம்புக்குள் வந்துவிடும்.

படி 7: லத்தீன் இசைக்கு ஐந்து தட்டு

இப்போது மறுபாதி. கியூபாவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்து நியூயார்க்கில் சல்சா என்று பெயரெடுத்த இசைக்கு ஆதாரம் கிளாவே என்ற ஐந்து தட்டு. இரண்டு கட்டைகளை மோதி அடிப்பார்கள். யாரும் அடிக்காவிட்டாலும் எல்லாரும் அதற்குள்தான் வாசிப்பார்கள்.

ஆதி தாளத்திலேயே பழகலாம். எட்டு அடிக்கும் இரண்டிரண்டு எண்ணிக்கையாகப் பதினாறு எண்ணுங்கள். தட்டுகள் விழுவது 1, 4, 7, 11, 13இல். 3, 3, 4, 2, 4 என்று இடைவெளி. தாளம் போடும் கையோடு சொல்வதென்றால்: முதல் தட்டில் ஒன்று, சுண்டுவிரல் வைத்த அரை அடிக்குப் பின் ஒன்று, நடுவிரலில் ஒன்று, முதல் வீச்சில் ஒன்று, அடுத்த தட்டில் ஒன்று. இதுதான் 3-2 கிளாவே. பின்பாதியை முதலில் வைத்தால் 2-3. வலது கையில் தாளம், வாயில் கிளாவே என்று வந்துவிட்டால் விமானத்தில் வேறு பொழுதுபோக்கு வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்டு மேடையைப் பாருங்கள். காங்கா, டிம்பாலே (குச்சியால் அடிக்கும் உலோக முரசுகள்), பாங்கோ (சின்ன ஜோடிக் கை முரசு) வாசிக்கும் மூவரும் வேறு வேறு வடிவம் வாசிப்பார்கள். பேஸ் சமத்தில் விழாது. நாலாம் அடியிலேயே அடுத்த பாரின் சுவரத்தை முந்திப் பிடித்துவிடும். முதன்முதலில் கேட்பவருக்குத் தரை நழுவுகிற மாதிரி இருப்பது இதனால்தான். பாட்டு முதலில் கதை சொல்லும், அப்புறம் மொன்டுனோ என்ற பகுதி திறக்கும். கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் நடுநடுவே புதுப் புது வரி கட்டுவார். பாங்கோக்காரர் பாங்கோவைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய மணியை எடுப்பது இந்தத் தருணத்தில்தான். மணிச் சத்தம் கேட்டதும் ஆட்டக்காரர்களைப் பாருங்கள், தளமே வேகம் மாறும்.

1964இல் ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா நிறுவனத்தின் பதிவுகளைக் கிளம்புமுன் கேட்டு வையுங்கள். செலியா குரூஸ், ஹெக்டர் லவோ, வில்லி கொலோன் பாட்டுகளுக்கு ஊரில் உள்ள எல்லா வயதினருக்கும் வரி தெரியும். கோரஸ் வரியை நீங்களும் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் உங்களை விட மாட்டார்.

எங்கே போவது? வாரிக் தெருவில் எஸ்ஓபிஸ், 1982 முதல். பிரேசில், கரீபிய இசைக்கு வந்த இடம், இப்போது ஹிப் ஹாப்பும் அதிகம், நிரல் பார்த்துப் போங்கள். மேற்கு 3ஆம் தெருவில் ஜிங்க் பார், ஜாஸோடு பிரேசில், லத்தீன் இரவுகளும் உண்டு. புரூக்ளினின் பார்க் ஸ்லோப்பில் பார்பெஸ், ஒரு சின்ன மதுக்கடையின் பின்னறை, பெரு நாட்டின் சிச்சா இசை நியூயார்க்கில் வேர் பிடித்த இடம். குயின்ஸில் எல்ம்ஹர்ஸ்ட் பக்கம் டெராஸா 7, கொலம்பியக்காரர் நடத்துவது. மேடை பாருக்கு மேலே தொங்கும், கலைஞர்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த அறை இதுதான், ஜாஸும் லத்தீனும் அங்கே தனித்தனி நாளில் நடப்பதில்லை, ஒரே பாட்டுக்குள் நடக்கின்றன.

கோடையில் பிராங்க்ஸின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் ஞாயிறு மதியம் சல்சா நடக்கும். கட்டணம் இல்லை. மூன்று தலைமுறை ஒன்றாக ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் அங்கேதான்.

படி 8: தளத்தில் இறங்குவது

ஆடத் தெரியாது என்று ஓரத்தில் நின்றுவிடாதீர்கள். பல இடங்களில் குழு தொடங்குமுன் ஒரு மணி நேரம் தொடக்கப் பாடம் எடுப்பார்கள். சல்சாவுக்கு எட்டு எண்ணிக்கை: 1, 2, 3, நிறுத்து, 5, 6, 7, நிறுத்து. நியூயார்க் பாணியில் திசை மாறுவது 2இலும் 6இலும். ஆன் டூ என்பார்கள். டிட்டோ புவென்டேயின் குழுவோடு ஆடிய எடி டோரஸ் இதை முறைப்படுத்திக் கற்றுக்கொடுத்துப் பரப்பினார். காங்காவின் பளீரென்ற அறை 2இல் விழுவதால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும்.

யாரும் யாரையும் அழைக்கலாம். வேண்டாம் என்றால் புன்னகையோடு மறுத்துவிடலாம், அதைத் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி விலகுவது வழக்கம், அதே ஆளோடு இரவு முழுக்க ஆடுவதில்லை. ரப்பர் அடி ஷூ வேண்டாம், சுழலும்போது முழங்கால் போய்விடும். தோல் அடி இருந்தால் நல்லது. மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஒரு நாள் முழுக்க குயின்ஸ்

7ஆம் எண் ரயிலிலேயே முடித்துவிடலாம். காலையில் கடைசி நிறுத்தமான ஃபிளஷிங்கில் இறங்கி பவுன் தெரு பிள்ளையார் கோயில், அதன் அடித்தள உணவகத்தில் தோசை. மதியம் 103ஆம் தெரு கொரோனா பிளாசாவில் இறங்கினால் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீடு. உலகப் புகழில் இருந்தபோதும் 1943 முதல் 1971இல் சாகும் வரை இந்தச் சாதாரணத் தெருவில்தான் வாழ்ந்தார். இப்போது அருங்காட்சியகம், எதிரில் 2023இல் ஒரு புதிய மையமும் திறந்திருக்கிறார்கள். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மாலையில் டெராஸா 7.

பின்னிரவும் வீடு திரும்புவதும்

நள்ளிரவுக்கு மேல் நடக்கும் ஜாம் செஷனுக்குப் பெரிய மரபு உண்டு. 1938இல் ஹார்லெம் 118ஆம் தெருவில் திறந்த மின்டன்ஸ் பிளேஹவுஸில், மங்கும் டிரம்ஸ்காரர் கென்னி கிளார்க்கும் அந்த இடத்துக் குழுவில் வாசிக்க, கில்லெஸ்பி போன்றவர்கள் வேலை முடிந்து வந்து சேர்ந்து வாசித்ததில் பீபாப் உருவானது. இன்று ஸ்மால்ஸில் அதே பழக்கம். யாரோ ஒரு பெரிய கலைஞர் தன் கச்சேரி முடிந்து பெட்டியோடு படியிறங்கி வருவது அதிசயமில்லை. நீங்கள் வாசிப்பவர் என்றால் பெயர் கொடுத்துக் காத்திருங்கள். தெரிந்த பாட்டைச் சுருதியோடு சொல்லுங்கள், இரண்டு சுற்று வாசித்து இறங்குங்கள்.

ரயில் 24 மணி நேரமும் ஓடும், வங்கி அட்டையை வாயிலில் தட்டினால் போதும். வார இறுதி இரவுகளில் பராமரிப்பு வேலையால் தடம் மாறும், செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். வான்கார்டும் ஸ்மால்ஸும் இருக்கும் கிரீனிச் வில்லேஜிலிருந்து குயின்ஸ் திரும்புவதென்றால் மேற்கு 4ஆம் தெருவில் இ அல்லது எஃப் ரயில் ஏறி ஜாக்சன் ஹைட்ஸில் இறங்கலாம். ரூஸ்வெல்ட் அவென்யூவில் அந்நேரத்திலும் சாப்பாட்டு வண்டிகள் நிற்கும். சோள மாவில் சீஸ் வைத்துச் சுடும் அரேபா கிடைத்தால் சைவக்காரர்களும் தாராளமாக வாங்கலாம், கல்லில் இறைச்சி படாமல் தனியாகச் சுடச் சொல்லுங்கள்.